செம்மை எது? வண்ணத் திரையின் வரலாறு சொல்லும் செய்தி

தமிழில் ‘செம்மை’ என்னும் சொல் இரு பொருள் தருவது. சிவப்பு நிறத்தையும் அது குறிக்கும். பிழையற்ற நிலையையும் குறிக்கும். மாலை வானம் செம்மை பூண்டது என்கிறோம்; அச்சுக்குப் போகும் கட்டுரையைச் செம்மைப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறோம். இவ்விரு பொருள்களும் ஒரே வினாவாகச் சந்திக்கும் இடம் ஒன்று நம் இல்லங்களிலேயே இருக்கிறது. தொலைக்காட்சித் திரையிலும், கணினித் திரையிலும், கைப்பேசித் திரையிலும் நாம் காணும் செம்மை செம்மையானதுதானா? ரோசா மலரின் சிவப்பு, திரைக்கு வந்து சேரும்போதும் அதே சிவப்பாகத்தான் இருக்கிறதா?

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. பொன்னை நிறுக்க எடைக்கல் உண்டு. மரக்கால் குறைந்திருந்தால் மற்றொரு மரக்காலைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். நிறத்தை நிறுப்பதற்கு எடைக்கல் எங்கே இருக்கிறது? ஒரு திரையின் நிறம் தவறு என்று சொல்ல வேண்டுமானால், சரியான நிறம் எது என்பது முன்னரே எங்கோ குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். குறித்து வைத்தவர் யார்? எதைக் கொண்டு குறித்தார்? யாரைக் கண்முன் நிறுத்திக் குறித்தார்? இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது இவற்றையே. இது பொறியியலாளர்களின் தனிக்கவலை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில் மனித முகம் இந்த வரலாற்றின் நடுவிலேயே நிற்கிறது.

மூன்று ஒளிகள்

ஐசக் நியூட்டன் 1666-ஆம் ஆண்டளவில் ஒரு முப்பட்டகக் கண்ணாடியின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தி, வெண்மை என்பது பல நிறங்களின் கலவை என்று கண்டார். 1704-இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் அவர் மற்றொரு நுட்பத்தையும் எடுத்துரைத்தார். ஒளிக்கதிர்களுக்குத் தம்மளவில் நிறம் கிடையாது. நம்மிடத்தில் நிற உணர்வை எழுப்பும் ஆற்றல் மட்டுமே அவற்றுக்கு உண்டு என்பது அவருடைய முடிவு. ஆக, நிறத்தின் பாதி வெளியே ஒளியில் இருக்கிறது; மறுபாதி காண்பவரிடத்தில் இருக்கிறது.

1802-இல் தாமஸ் யங் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இக்கருத்தை ஒரு படி முன்னெடுத்துச் சென்றார். எண்ணற்ற நிறங்களுக்கு எண்ணற்ற உணர்விகள் கண்ணில் இருக்க முடியாது. மூன்று வகை உணர்விகளே போதும். அவை வெவ்வேறு அளவில் தூண்டப்படுவதால் எல்லா நிறங்களும் தோன்றுகின்றன என்று அவர் கருதினார். இதை உலகறியக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861 மே 17 அன்று இலண்டன் அரச நிறுவனத்தில், பலநிறக் கட்டங்கள் கொண்ட ஒரு நாடாவின் மூன்று ஒளிப்படங்களை அவர் திரையிட்டார். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிப்பான்களின் வழியே தாமஸ் சட்டன் எடுத்துக் கொடுத்த படங்கள் அவை. அதே மூன்று நிற ஒளிகளில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது நாடா தன் நிறங்களுடன் தோன்றியது.

இன்று நம் கைகளில் உள்ள திரைகள் அனைத்தும் அந்த ஒரு மாலையின் வழிவந்தவையே. ஒளிரும் கைப்பேசித் திரையின்மீது ஒரு சிறு நீர்த்துளியை வைத்து உற்று நோக்கினால், துளி உருப்பெருக்கியாக நின்று சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். திரையில் எங்கும் மஞ்சள் நிறப் புள்ளி கிடையாது. சிவப்பும் பச்சையும் அருகருகே ஒளிர்கின்றன. மஞ்சளை நம் கண்ணும் மூளையும் ஆக்கிக்கொள்கின்றன.

மாக்ஸ்வெல்லின் சாதனைக்குள் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருந்தது. அந்நாளைய ஒளிப்படத் தட்டுகள் சிவப்பு ஒளியை ஏறத்தாழ உணரவே மாட்டா. பின் சிவப்பு எப்படிப் பதிவாயிற்று? சரியாக நூறாண்டு கழித்து, 1961-இல், கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவான்சும் அவருடைய தோழர்களும் விடை கண்டார்கள். நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களையும் எதிரொளித்தது. தட்டு பதிவு செய்தது அவற்றையே. உலகின் முதல் வண்ணப் படத்தில் சிவப்பின் இருக்கையில் வேறொன்று அமர்ந்திருந்தது. பார்த்தவர்களோ சிவப்பைக் கண்டு மகிழ்ந்தார்கள். படம் சரியாகத் தோன்றுவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதற்கு இது முதற்சான்று.

பதினேழு பேரின் கண்கள்

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சாயத் தொழிலும் விளக்குத் தொழிலும் அச்சுத் தொழிலும் நிறத்துக்கு ஓர் எடைக்கல்லைக் கேட்டு நின்றன. 1920-களில் இங்கிலாந்தில் இருவர் தனித்தனியே அப்பணியை மேற்கொண்டார்கள். தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கில்ட் ஒருவர். இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் ரைட் மற்றொருவர். சோதனை எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. பார்ப்பவருக்கு ஒரு சிறு ஒளிவட்டம் காட்டப்படும். அதன் ஒரு பாதியில் ஒரே அலைநீளமுடைய தூய ஒளி. மறுபாதியில் மூன்று அடிப்படை ஒளிகளின் கலவை. இரு பாதிகளுக்கும் இடையே வேறுபாடு மறையும்வரை அவர் கலவையைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்ய வேண்டும். பிறகு அடுத்த அலைநீளம், அதன்பின் அடுத்தது. இவ்வாறே நிறமாலை முழுவதும்.

கில்ட் ஏழு பேரைக் கொண்டும், ரைட் பத்துப் பேரைக் கொண்டும் இதைச் செய்து முடித்தார்கள். கருவிகள் வேறு, ஆள்கள் வேறு. இருப்பினும் முடிவுகள் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. 1931 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் கூடிய பன்னாட்டு ஒளியியல் ஆணையம் அந்தப் பதினேழு பேரின் சராசரியை ‘நியமப் பார்வையாளர்’ என ஏற்றுக்கொண்டது. எங்கும் பிறவாத, எங்கும் வாழாத அந்தச் சராசரி மனிதரின் கண்ணே உலகின் நிற எடைக்கல் ஆயிற்று. அகன்ற பார்வைப் பரப்புக்கென 1964-இல் ஒரு துணைத் தரம் சேர்க்கப்பட்ட போதிலும், இன்றைய திரைத் தரங்களின் அடித்தளத்தில் இருப்பது அந்த 1931-ஆம் ஆண்டுக் கணக்குத்தான்.

இதைக் குறையாகச் சொல்ல நாம் முற்படவில்லை. நிறப்பார்வைக் குறைபாடு இல்லாத மனிதர்களின் கண்கள் பெரும்பாலும் ஒத்தே இயங்குவதால், அப்பதினேழு பேரும் உலகத்துக்கு நல்ல பிரதிநிதிகளாகவே அமைந்தார்கள். ஆயினும் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வோம். நிறத்தின் எடைக்கல் வானத்திலிருந்து இறங்கியதன்று. மனிதர்களை உட்கார வைத்து, அவர்களிடம் கேட்டுச் செதுக்கியது. கண்களைப் பொறுத்தவரை கேட்கப்பட்டவர் யார் என்பதால் பெரிய பிழை நேரவில்லை. முகங்களின் முறை வந்தபோது கதை வேறாயிற்று.

பழைய பெட்டிக்கும் இடம்

தொலைக்காட்சிக்கு நிறம் ஊட்டும் முயற்சி தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. ஜான் லோகி பேர்டு 1928 ஜூலை 3 அன்றே இலண்டனில் ஒரு வண்ணக் காட்சியை நடத்திக் காட்டினார். ஆனால் அதை இல்லந்தோறும் கொண்டுசெல்வதற்கு அமெரிக்காவில் பெரும் போட்டி நடந்தது. சி.பி.எஸ். நிறுவனத்தின் பீட்டர் கோல்ட்மார்க், திரையின்முன் சிவப்பு, நீலம், பச்சை வடிப்பான்கள் பொருத்திய தட்டு ஒன்று சுழலும் முறையை உருவாக்கினார். நிறங்கள் அழகாகவே தெரிந்தன. 1950 அக்டோபரில் அரசு ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது. 1951 ஜூன் 25 அன்று ஒளிபரப்பும் தொடங்கியது.

அம்முறையில் ஒரு பெரிய இடர் இருந்தது. அதற்குள் அமெரிக்க இல்லங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. புதிய வண்ண ஒளிபரப்பை அவற்றில் எவ்வகையிலும், கறுப்பு-வெள்ளையாகக்கூட, காண இயலவில்லை. கொரியப் போரை முன்னிட்டுப் பொருள்களைச் சேமிக்க வேண்டும் என்ற காரணத்தால் 1951 அக்டோபரிலேயே அவ்வொளிபரப்பு நின்றுபோயிற்று.

மாற்று வழியின் விதையைப் பிரான்சு நாட்டின் ஜார்ஜ் வலான்சி 1938-இல் ஊன்றியிருந்தார். படத்தின் ஒளியளவைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து அனுப்புவது அவருடைய எண்ணம். பழைய பெட்டி ஒளியளவை மட்டும் எடுத்துக்கொண்டு கறுப்பு-வெள்ளைப் படத்தைக் காட்டும். புதிய பெட்டி இரண்டையும் இணைத்து வண்ணம் காட்டும். இதன் அடிப்படையில் ஆர்.சி.ஏ. நிறுவனமும் பிற நிறுவனங்களின் பொறியாளர்களும் கூடி வகுத்த என்.டி.எஸ்.சி. தரத்தை அமெரிக்க ஆணையம் 1953 டிசம்பர் 17 அன்று ஏற்றது. அத்தரத்தில் ஒளியளவைக் கணக்கிடும்போது சிவப்புக்கு நூற்றில் 30 பங்கும், பச்சைக்கு 59 பங்கும், நீலத்துக்கு 11 பங்கும் தரப்பட்டன. நம் கண் பச்சையை மிக ஒளியாகவும் நீலத்தை மிக மங்கலாகவும் உணர்வதே அதற்குக் காரணம்.

1954-இல் ஆர்.சி.ஏ. விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வண்ணப் பெட்டியின் விலை 1,000 டாலர். அதை வாங்க வழியில்லாத வீட்டிலும் அதே நிகழ்ச்சி பழைய பெட்டியில் தடையின்றித் தெரிந்தது. புதியதைக் கொண்டுவரும்போது பழையதை வைத்திருப்பவரைக் கைவிடாத இந்த ஏற்பாட்டை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

முகம் பச்சையானபோது

என்.டி.எஸ்.சி. முறையில் நிறச்சாயல் ஓர் அலையின் காலநிலையில் பொதிந்து அனுப்பப்பட்டது. அலை சிறிது முந்தினாலோ பிந்தினாலோ நிறமே மாறிவிடும். நெடுந்தொலைவு கம்பி வழியே வரும்போதும், கட்டடங்களில் பட்டுத் திரும்பும்போதும் அலைகள் அவ்வாறு பிறழ்ந்தன. செய்தி வாசிப்பவரின் முகம் ஒரு நிலையத்தில் பச்சையாகவும் மற்றொரு நிலையத்தில் ஊதாவாகவும் தோன்றியது. ஆகவே அமெரிக்கப் பெட்டிகளில் நிறச்சாயலைத் திருத்துவதற்கென்றே ஒரு குமிழ் வைக்கப்பட்டது. நிலையம் மாறும்போதெல்லாம் வீட்டுக்காரர் எழுந்து சென்று அதைத் திருக வேண்டும். ‘இருமுறை ஒரே நிறம் வராது’ என்று பொருள்படும்படி அந்த நான்கு எழுத்துகளுக்குப் பொறியாளர்களே கேலி விரிவு சொல்லிக்கொண்டார்கள்.

ஐரோப்பியர் இப்பிழையைத் தவிர்க்க முனைந்தனர். பிரான்சில் ஹென்றி தெ பிரான்ஸ் ‘செக்காம்’ முறையை வகுத்தார். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் புரூக் வகுத்த பி.ஏ.எல். முறை 1963 ஜனவரி 3 அன்று ஹனோவரில் ஐரோப்பிய வல்லுநர்களுக்குக் காட்டப்பட்டது. அதன் நுட்பம் நெஞ்சைத் தொடுவது. திரையின் ஒரு வரியில் நிறத்தை ஒரு திசையிலும், அடுத்த வரியில் அதற்கு நேர்மாறான திசையிலும் வைத்து அனுப்பினார் புரூக். வழியில் நேரும் பிழை இரு வரிகளையும் ஒரே பக்கமாகவே இழுக்கும். பெறும் பெட்டி இரண்டாம் வரியை மீண்டும் திருப்பி, இரண்டையும் சேர்த்துச் சராசரி காணும்போது, வலப்பக்கப் பிழையும் இடப்பக்கப் பிழையும் ஒன்றையொன்று அழித்துவிடும். நிறம் சற்றே வெளிறும். ஆனால் மாறிப் போகாது. பிழையே நேராதபடி தடுப்பது அவருடைய வழியன்று. நேர்ந்த பிழை எஞ்சாதபடி செய்வதே அவருடைய வழி.

1967 ஆகஸ்ட் 25 அன்று மேற்கு பெர்லினில் அன்றைய துணைப் பிரதமர் வில்லி பிராண்ட் சிவப்புப் பொத்தான் ஒன்றை அழுத்தி வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். பொத்தான் வெறும் அலங்காரமே. அவருடைய விரல் அதை முழுமையாக அழுத்தும் முன்னரே, பின்னாலிருந்த பொறியாளர் அவசரப்பட்டதால், திரை வண்ணமாகிவிட்டது. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியபோதும், அதே ஆண்டு ஆகஸ்டில் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கி, நவம்பரில் தில்லி ஆசிய விளையாட்டுகளைக் காட்டியபோதும் பின்பற்றியது பி.ஏ.எல். முறையையே. நம் வீட்டுப் பெட்டிகளில் நிறச் செறிவைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ் இருந்தது. முகம் பச்சையாகிவிட்டதே என்று திருகும் குமிழ் பொதுவாக இல்லாமற் போனதற்குக் காரணம் புரூக்கின் அந்த இரட்டை வரி உத்தியே.

திருத்த வேண்டியவை வேறு பலவும் இருந்தன. படக்குழாயினுள் மூன்று மின்னணுக் கற்றைகள் துளைத் தகடு ஒன்றின் வழியே சென்று தத்தம் நிறப் புள்ளிகளைத் தாக்க வேண்டும். அருகில் ஓர் ஒலிபெருக்கியின் காந்தம் இருந்தாலே போதும், திரையின் மூலையில் நிறக்கறை படிந்துவிடும். பூமியின் காந்தப்புலமும் கற்றைகளைச் சற்றே வளைக்கும். ஆகவே பெட்டியை இயக்கியவுடன் காந்தத்தைக் கலைக்கும் சுருள் ஒன்று ஒரு கணம் உறுமி ஓய்ந்தது. அந்த உறுமலைக் கேட்ட நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும்.

யாருடைய முகம்?

இப்பொழுது நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். நிறம் சரியாக உள்ளதென்று வீட்டில் இருப்பவர் எதைக் கொண்டு முடிவு செய்வார்? நடிகையின் சேலை உண்மையில் என்ன நிறம் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மனித முகம் எப்படி இருக்கும் என்பது தெரியும். ஆகவே திரை திருத்துவோர் அனைவரும் தொடக்கம் முதலே முகத்தையே எடைக்கல்லாகக் கொண்டார்கள். பி.பி.சி. 1967 ஜூலையில் முதன்முதலாகக் காட்டிய வண்ணச் சோதனை அட்டையில், கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் நடுவே கரோல் ஹெர்சி என்னும் சிறுமியின் முகம் இருந்தது. அவள் அந்த அட்டையை வடிவமைத்த பொறியாளரின் மகள். அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் ஒளிப்படம் அச்சிடும் நிலையங்களுக்கு மாதிரி அட்டைகளை வழங்கியது. அவற்றில் இருந்ததும் வெள்ளை நிறப் பெண்ணின் முகமே. முதலில் அதற்கு உருவம் தந்த பணியாளரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ என்று வழங்கலாயிற்று. அட்டையில் உள்ள முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது விதி.

அந்த அட்டைக்கு ஒத்த முகங்கள் அழகாக வந்தன. கறுத்த முகங்களோ கண்ணும் பல்லும் மட்டும் தெரிய, மற்றைய சாயல்கள் இருளில் கரைந்துபோயின. வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் சேர்ந்து நிற்கும் பள்ளிப் படத்தில் ஒருவர் முகம் தெளிந்து மற்றவர் முகம் மறைந்தது. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இது குறித்து 2009-இல் ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார். படச்சுருளின் இக்குறை திருந்தத் தொடங்கியதற்கு மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் எழுப்பிய முறையீடு பெருங்காரணம் என்று கோடாக்கில் பணியாற்றியவர்கள் அவரிடம் கூறியிருக்கிறார்கள். கருமரத்துக்கும் வெளிர்மரத்துக்கும் உள்ள வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று வணிகர்கள் வருந்தினார்களாம். மனித முகத்துக்காகத் திறவாத கதவு மேசை நாற்காலிக்காகத் திறந்தது என்பதை நாம் வாளாவிருந்து கடந்துபோக முடியவில்லை.

தொலைக்காட்சியிலும் இதுவே நடந்தது. 1970-களில் அமெரிக்கப் பெட்டிகளில் தன்னியக்க நிறத் திருத்தப் பொத்தான் ஒன்று இடம்பெற்றது. முகத்தின் நிறத்துக்கு அண்மையில் வரும் சாயல்கள் அனைத்தையும் முன்னரே முடிவு செய்யப்பட்ட ஒரே சாயலை நோக்கி அது இழுத்துவிடும். முகம் எப்போதும் ‘சரியாக’ இருக்கும். ஆனால் அருகிலிருந்த மஞ்சளும் ஆரஞ்சும் தம் உண்மை நிறத்தை இழக்கும். திருத்தம் என்னும் பெயரால் வேற்றுமை அழிக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இங்கேதான் ஓர் அறிவியல் உண்மையை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ஒளிபரப்பு நிலையங்களில் வெக்டர்ஸ்கோப் என்னும் வட்டத் திரையுடைய அளவுகருவி ஒன்று உண்டு. படத்தில் உள்ள நிறங்களை அது வட்டத்தின் வெவ்வேறு திசைகளில் புள்ளிகளாகக் காட்டும். திசை நிறச்சாயலைக் குறிக்கும். நடுவிலிருந்து உள்ள தொலைவு செறிவைக் குறிக்கும். மனித முகங்களை அதில் இட்டுப் பார்த்தால், ஐரோப்பியர் முகமாயினும், ஆப்பிரிக்கர் முகமாயினும், நம்மவர் முகமாயினும் ஏறத்தாழ ஒரே திசையில், ஒரே கோட்டை ஒட்டியே புள்ளிகள் விழுகின்றன. தோலுக்கடியில் ஓடும் குருதியின் செம்மையும், தோலில் படிந்த மெலனினின் பழுப்பும் சேர்ந்து எல்லா மனிதருக்கும் ஒரே சாயலையே தருகின்றன. வேறுபடுவன பெரும்பாலும் ஒளியளவும் செறிவுமே. மாந்தர் பல நிறத்தவர் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கருவியோ ஒரே நிறத்தின் ஏறுநிலை இறங்குநிலைகளையே காண்கிறது.

அப்படியானால் பழைய அட்டைகளின் பிழை எங்கே நேர்ந்தது? சாயலில் அன்று, ஒளியை வரவேற்ற அளவில்தான். வெளிறிய முகத்துக்குப் போதுமான ஒளியோடு நிறுத்திக்கொண்டார்கள். கறுத்த முகத்தின் நுண்ணிய சாயல்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் அவையும் துலங்கியிருக்கும். இடம் விடாமற் போனதற்கு அறிவியலின் இயலாமை மட்டும் காரணமன்று. சோதனை அறையில் அத்தகைய முகம் இல்லாமையும் காரணம்.

கணினிகளின் காலம்

1990-களில் படங்கள் கணினிக்குள் புகுந்தபோது பழைய குழப்பம் புது வடிவில் திரும்பியது. படக்குழாயின் இயல்பு ஒன்றை இங்கே அறிய வேண்டும். அதற்குத் தரும் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி பாதியாகாது. ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்துவிடும். இந்த வளைவைக் ‘காமா’ என்னும் எண்ணால் குறிப்பார்கள். ஒளிபரப்பில் படக்கருவியே எதிர்வளைவு கொடுத்து அதை ஈடுசெய்துவிடும். கணினியிலோ ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வகுத்தது. மெக்கின்டாஷ் கணினிகள் காமாவை 1.8 எனக் கொண்டன. பிறவற்றில் அது 2.2-ஐ ஒட்டியிருந்தது. ஒன்றில் அழகாகத் திருத்திய படம் மற்றொன்றில் இருண்டு கிடந்தது. 2009-இல்தான் ஆப்பிள் நிறுவனமும் 2.2-க்கு மாறியது.

1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை நிறுவின. ஒவ்வொரு திரையும், ஒவ்வோர் அச்சுப்பொறியும் தன் இயல்பையும் குறையையும் எழுதி வைத்த ஒரு குறிப்பைத் தன்னுடன் வைத்திருக்க வேண்டும்; இரண்டுக்கும் நடுவே 1931-ஆம் ஆண்டின் நியமப் பார்வையாளர் மொழிபெயர்ப்பாளராக நிற்பார் என்பது அவற்றின் ஏற்பாடு. திரையின்மீது ஒரு சிறு அளவியைப் பொருத்தி, அது காட்டும் நிறங்களை அளந்து, பிறழ்வைக் கணக்கிட்டு அக்குறிப்பை எழுதுவார்கள். 1996-இல் ஹ்யூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் எளிய திரைகளுக்கென எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொதுத் தரத்தை முன்மொழிந்தன. 1999-இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று. மனிதக் கண் காணவல்ல நிறப்பரப்பின் வரைபடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதனுள் அடங்கும். மயிற்கழுத்தின் பசுநீலம் முழுவதும் அதற்குள் வராது. ஆயினும் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு கிடைத்தது. எளிய திரைக்கும் எட்டும் அளவாக அது இருந்தது.

அளவு கிடைத்தும் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. தொலைக்காட்சித் தரம் வெண்மையை 6,500 கெல்வின் பகலொளியாக வரையறுக்கிறது. கடைகளில் அடுக்கிய திரைகளோ நீலம் மிகுந்த வெண்மையுடனும், மிகையூட்டிய நிறங்களுடனும் ஒளிர்கின்றன; அருகிலுள்ள திரையைவிடக் கண்ணைப் பறிக்க வேண்டுமல்லவா? நாம் வாங்கிவந்து அப்படியே பார்க்கிறோம். சில நாள்களில் கண் அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு தரப்படி திருத்திய திரையைக் காட்டினால், மங்கலாக மஞ்சள் படிந்திருக்கிறதே என்கிறோம். பிழைக்குப் பழகிய கண்ணுக்குச் செம்மை பிழையாகத் தோன்றும். கண்ணுக்கு மட்டுமா இது பொருந்தும் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

முகங்களின் எடைக்கல்லும் அண்மைக் காலத்தில் மறு ஆய்வுக்கு வந்துள்ளது. 2021-இல் கூகுள் நிறுவனம் தன் கைப்பேசிப் படக்கருவியைக் கறுத்த முகங்களுக்கும் நேர்மையாகப் பதிவு செய்யும்படி சீர்செய்து வெளியிட்டது. 2022-இல் ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படிநிலைகள் கொண்ட தோல்நிற அளவுகோலை அது பொதுப் பயனுக்கு விட்டது. ஒரு முகத்துக்குப் பதிலாகப் பத்து! தாமதமே ஆயினும் நற்செயல்.

ஆனால் எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. படம் எடுத்தவுடன் முகத்தை மென்மையாக்கி, நிறத்தை வெளிறச் செய்யும் ‘அழகூட்டல்’ வசதி பல கைப்பேசிகளில் உண்டு. பழைய நாளில் ஒளிப்பட நிலையத்துக்குப் போகுமுன் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டோம். இன்று கருவியே அப்பிவிடுகிறது. பவுடரையாவது வீடு திரும்பிக் கழுவலாம். கருவி அப்பியதைச் சிறுமி ஒருத்தி நாள்தோறும் பார்த்துக்கொண்டே வளர்ந்தால், கண்ணாடியில் தெரியும் தன் முகமே திருத்தப்பட வேண்டிய பிழை என்று அவள் எண்ணத் தலைப்படுவாள் அல்லவா? ஷெர்லி அட்டையை அன்று வெளிநாட்டார் நம்மீது சுமத்தினர் எனலாம். இன்று அதை நம் கையாலேயே பிள்ளைகளிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நிறைவாக

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. திருத்தம் என்பது எப்போதும் ஓர் அளவுகோலை வைத்தே செய்யப்படுகிறது. அந்த அளவுகோலையும் யாரோ சிலரே வகுக்கிறார்கள். புரூக்கின் அளவுகோல் அனுப்பிய நிறத்தையே காத்தது. தன்னியக்கப் பொத்தானின் அளவுகோல் வந்த நிறத்தை மாற்றி, வர வேண்டியதாகத் தான் கருதிய நிறத்தை வைத்தது. இரண்டுக்கும் பெயர் திருத்தம்தான். ஒன்று உள்ளதைக் காப்பாற்றுகிறது. மற்றொன்று உள்ளதை மறுக்கிறது. பிள்ளைகளை வளர்க்கும்போதும், அடுத்தவரைத் திருத்த முனையும்போதும் நாம் கையாள்வது இவ்விரண்டில் எது என்று கேட்டுக்கொள்வது நலம்.

இவ்வரலாற்றை அறிந்த வாசகர்கள் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பேசியின் அழகூட்டும் வசதியை நிறுத்திவிட்டு, சன்னலோரப் பகலொளியில் உங்கள் அன்னையையோ மகளையோ ஒரு படம் எடுங்கள். படத்தை அவர்களின் முகத்தருகே பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் திருத்த வேண்டியது திரையை. அந்தப் பழுப்பு முகத்தினடியில் ஓடும் குருதியின் நிறத்துக்குத் தமிழர் என்றோ பெயரிட்டுவிட்டனர்: செம்மை.